மிதிவண்டியின் உருள்குண்டுகள்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

ஆஸ்டின் டவுன் வாழ் தமிழ்ப் பெருமக்களே! 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், தமிழின் தொன்மை பேசுவர். சங்கத்துச் செயலாளர் எங்களைப் பேசுமாறு பணித்தபொழுது, "எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டோம். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார். எங்களுக்குத் தெரிந்தது மிதிவண்டி. ஆகவே சிறுமியர் நடனத்திற்கும் நாடகத்திற்கும் இடையே கிடைத்த இச்சிறு பொழுதில், மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் எஃகுக் குண்டுகளைப் பற்றிச் சில சொல்ல வந்துள்ளோம். அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் படிக்கின்றோம். பிழை இருப்பின் அதிற் பாதி மற்றவரைச் சேரும்.

இந்நகரில் 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தண்டு அமைத்த நாள்தொட்டுத் தமிழர் பிழைப்பை நாடி இங்கு வந்துகொண்டே இருந்தனர். பின்னர் 1940இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையும், 1948இல் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையும், 1953இல் எச்.எம்.டி.யும், 1954இல் பி.இ.எல்.லும் தோன்றின. நம் பெற்றோர் பலர் அத்தொழிற்சாலைகளுக்கு மிதிவண்டியிலேயே சென்று வந்தவர்கள். சங்கு ஊதும் நேரத்திற்கு முன் தெருவெல்லாம் மணியோசையாய் இருந்த காலம் அது. அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டி ஒரு வீட்டில் நின்றால், அவ்வீட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

அவ்வண்டிகளுள் சில இன்றும் நம் வீட்டுச் சன்னல் கம்பிகளிற் கட்டுண்டு நிற்கின்றன. பல பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. சென்ற சில ஆண்டுகளில் மட்டும் எங்கள் தெருவில் ஐந்தாறு வண்டிகள் இவ்வாறு போனதைக் கண்ணாரக் கண்டோம். ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால், "கடகடவென்று சத்தம், மிதிக்கவும் முடியவில்லை" என்பதே மறுமொழி. அவற்றுள் மூன்றைத் தடுத்து நிறுத்திப் பிரித்துப் பார்த்தோம். சட்டகம் பழுதின்றி இருந்தது. வளையமும் கம்பிகளும் நன்றாக இருந்தன. கெட்டிருந்தவை கோனும் குண்டும் மட்டுமே. ஒரு வண்டியிலுள்ள எல்லாவற்றினும் விலை மலிந்தவை அவைதாம். இருபது குண்டுகளுக்காக ஒரு வண்டியைக் கொல்வது முறையா என்பதுதான் இன்று எங்கள் வழக்கு.

குண்டு எதற்கு என்பதை முதலிற் காண்போம். நம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் வட்டை உண்டு, ஆரக்கால் உண்டு, நடுவே குடம் உண்டு. குடத்தினுள் அச்சு நுழைந்து நிற்கும்; குடம் அதன்மேல் உராய்ந்துகொண்டே சுற்றும். உராய்வைத் தணிக்க வண்டி மை தடவினர். வள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியைப் பாடினார்; அத்தேருக்கு அச்சாணி இருந்தது, குண்டு இல்லை. மிதிவண்டியிலோ இழுப்பதற்கு மாடு இல்லை. மனிதன் காலே மாடு. ஆகையால் உராய்வைக் குறைக்கும் தேவை அங்கே பெரிதாயிற்று. பாரிஸ் நகரத்து மிதிவண்டித் தொழிலாளி ழூல் சூரிரே என்பவர் 1869ஆம் ஆண்டு அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே சிறு குண்டுகளை வைத்து உருளச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் தொலைவுக்கு நடந்த பந்தயத்தில், அத்தகைய குண்டுகள் பூட்டிய வண்டியில் ஏறிய ஜேம்ஸ் மூர் என்பவரே வென்றார். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் பிரீட்ரிக் பிஷர் என்பவர், எஃகுக் குண்டுகளைப் பிசகின்றி ஒரே அளவாய்த் தேய்த்தெடுக்கும் பொறி ஒன்றை அமைத்தார். அதன் பின்னரே குண்டு எளியோர் வண்டிக்கும் வந்தது.

நம் ஊர்ச் சாதாரண வண்டியின் முன்சக்கரக் குடத்தில் பக்கத்திற்குப் பத்துக் குண்டுகள். ஒவ்வொன்றும் அங்குலத்திற் பதினாறில் மூன்று பங்கு. கடைக்காரர் இதனை 'மூணு பை பதினாறு' என்பர். பழைய எண்சுவடி படித்த பாட்டனார் இருந்தால் 'மூவீசம்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். பின்சக்கரத்தில் பக்கத்திற்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். மிதிகட்டை பூட்டிய கிராங்கின் அச்சிலும் கால் அங்குலமே, பக்கத்திற்குப் பதினொன்று. குடத்தோடு சேர்ந்திருக்கும் கிண்ணத்தைக் கப் என்றும், அச்சின்மேல் மரையில் ஏறும் கூம்பைக் கோன் என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டின் நடுவே குண்டுகள் உருள்கின்றன. 'பால்ரஸ் குண்டு' என்று சிறுவர் கோலியாடுவதும் இதனைத்தான்.

இனித் தேய்மானத்துக்கு வருவோம்.

28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 445 முறை சுற்ற வேண்டும். இங்கிருந்து விமானத் தொழிற்சாலைக்குச் சுமார் எட்டுக் கிலோமீட்டர். போக வரப் பதினாறு. ஏழாயிரம் சுற்றுக்கு மேல். ஆண்டில் 300 நாள் வேலைக்குப் போனால் 21 இலட்சம் சுற்றுகள் ஆகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஆளின் பாரம் குண்டும் கோனும் தொடும் மிகச் சிறிய புள்ளிகளில் இறங்குகிறது; அப்புள்ளியைக் கடுகோடு ஒப்பிட்டால் கடுகு பெரிது. அவ்விடத்தில் எஃகு அழுந்தி மீள்கிறது, அழுந்தி மீள்கிறது. இலட்சக்கணக்கான தடவை இவ்வாறு நேர்ந்தபின், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மயிரிழை போன்ற விரிசல் தோன்றிப் படர்ந்து, ஒரு நாள் செதிலாய்ப் பெயர்கிறது. அம்மைத் தழும்பு போல் ஒரு குழி. ஒரு குழி விழுந்தால் அதன் விளிம்பில் அடுத்த குண்டு மோதுகிறது; குழி வளர்கிறது. பெயர்ந்த செதிலும் உள்ளேயே கிடந்து மற்றவற்றை அரைக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டும். சக்கரம் சுற்றும்பொழுது குடமும் கப்பும் சுற்றுகின்றன. ஆகவே கப்பின் எல்லாப் பக்கமும் மாறி மாறிப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. கோனோ அச்சோடு அசையாமல் நிற்கிறது. ஆளின் பாரம் முழுதும் எப்பொழுதும் கோனின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. குடும்பத்தில் ஒருவர் தலையிலேயே எல்லாச் சுமையும் விழுவது போன்றது இது. அதனால்தான் எந்தக் குடத்தைப் பிரித்தாலும் கோனில் ஒரே பக்கத்திற் குழி இருக்கும். கப் பெரும்பாலும் நலமாயிருக்கும். கோன் எளிதில் மாற்றத்தக்கது. கப் குடத்தில் இறுகப் பொருந்தியிருப்பது; அது கெட்டால் குடத்தையே மாற்ற நேரும்; குடத்தை மாற்றினால் கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் பின்ன வேண்டும். எனவே கோன் கெட்டவுடன் அதை மாற்றிவிட்டால் கப் பிழைக்கும். மாற்றாமல் ஆறு மாதம் ஓட்டினால் கப்பையும் அது தன்னோடு கொண்டுபோகும். இன்னொன்று: மலிவான கோன்களில் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும், உள்ளே மெல்லிரும்பு. தோல் போனபின் தேய்வு மிக விரைவு.

இவ்வளவும் சுத்தமாய் ஓடும் வண்டிக்குச் சொன்னோம். நம் ஊர் மண் செம்மண்; அதிற் கலந்துள்ள நுண்மணல் எஃகையும் கீறவல்லது. மே மாதத்து மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் குடத்தினுள் நீரைப் புகுத்துகின்றன. மணலும் கிரீசும் கலந்தால் சாணைக்கல்லிற் பூசும் பசை போலாகிவிடும். அது தேய்க்குமேயன்றிக் காக்காது. நீர் புகுந்த குடம் ஒரு மாதம் ஓடாமல் நின்றால் குண்டு நின்ற இடத்திலேயே துருப் பிடித்துத் தடம் பதித்துவிடும். ஓடும் வண்டியைக் காட்டிலும் சன்னலோரம் நனைந்து நிற்கும் வண்டி விரைவிற் கெடுவது இதனாலேதான்.

எங்கள் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லாமற் செல்ல இயலவில்லை. எழுபதுகளில், நாங்கள் இருவரும் பள்ளிச் சிறுவர். தந்தையார் இரவு வேலை முடித்து உறங்கிய ஒரு ஞாயிறு, அவர் வண்டியை நாங்களே 'ஓவராயில்' செய்வதென்று துணிந்தோம். முன்சக்கரத்தைக் கழற்றி, கோனைத் திருகி, அச்சை உருவியதும் குண்டுகள் பொலபொலவென்று வாசற்படியிற் சிதறின. ஓடியோடிப் பொறுக்கினோம். இரண்டு சாக்கடையில் விழுந்துவிட்டன. பத்தில் இரண்டு குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று எட்டையே வைத்துப் பூட்டினோம். சக்கரம் நன்றாகவே சுற்றியது. தந்தையாரிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதம் சென்றது. முன்சக்கரத்தில் 'கிர்' என்ற ஓசை எழுந்தது. கம்பி தளர்ந்திருக்கும் என்று தந்தையார் எண்ணினார். ஒரு நாள் பிற்பகல் வேலை முடித்து நள்ளிரவிற் டொம்லூர் வழியே வருகையில் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. தமிழ்க் கல்வெட்டு உள்ள சொக்கநாதர் கோயில் இருக்கும் அதே டொம்லூர்தான். அந்நாளில் அவ்வழியில் விளக்கு மிகக் குறைவு. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் உருட்டியபடி நடந்தே வந்தார். வீடு சேர்ந்தபோது மணி ஒன்றரை. அன்னையார் வாசலிலேயே நின்றிருந்தார். நாங்கள் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தோம்.

மறுநாள் தெருமுனையில் மரத்தடியிற் கடை வைத்திருந்த மிதிவண்டிக்காரர் குடத்தைப் பிரித்தார். ஒரு பக்கத்தில் முழுக் குண்டு ஐந்து. மற்றவை துண்டு துண்டாய் இருந்தன. துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "குண்டு குறைச்சலா போட்டிருக்காங்க அண்ணா" என்றார். தந்தையார் எங்கள் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. கையிற் காசைக் கொடுத்து, இரண்டு கோனும் இருபது குண்டும் வாங்கிவரச் சொன்னார். எங்களையே பூட்டவும் வைத்தார். "எண்ணிப் போடுங்கள், வாய்விட்டு எண்ணுங்கள்" என்றார். இன்றும் எங்களிருவருள் யார் குடத்தைப் பூட்டினாலும் வாய்விட்டுத்தான் எண்ணுகிறோம், பார்ப்பவர் சிரிக்கின்றனர்.

பேணும் முறையைச் சொல்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்தபின் செய்வது நலம். தாய்மார்கள் ஒரு பழைய தட்டும் கிழிந்த வேட்டித் துண்டும் கொடுத்துதவினால் போதும். கோனைத் திருக மெலிந்த ஸ்பேனர் ஒன்று தனியே வேண்டும். தடித்தது உள்ளே நுழையாது. கீழே செய்தித்தாளை விரித்துக்கொண்டு அச்சை மெதுவாக உருவ வேண்டும். விரிக்காதவர் கதையை இப்பொழுதுதான் கேட்டீர்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிற் கழுவி, ஈரமின்றித் துடைத்து, வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். கோனில் குண்டு ஓடிய தடம் கண்ணாடி போல் மின்னும் ஒரு மெல்லிய வளையமாய் இருந்தால் நலம். கண்ணுக்குத் தெரியாத குழியை அறிய ஒரு வழி உண்டு: பிள்ளைகள் எழுதும் பந்துமுனைப் பேனாவை எடுத்து அதன் முனையைத் தடத்தின்மேல் மெல்ல ஓட்டுங்கள். குழி இருந்தால் முனை தடுக்கும், கைக்குத் தெரியும். அச்சைச் சன்னல் கண்ணாடி மேல் உருட்டினால் அது வளைந்துள்ளதா என்பதும் விளங்கிவிடும்.

குண்டு மாற்றினால் அனைத்தையும் மாற்ற வேண்டும். தேய்ந்த ஒன்பதின் நடுவே புதிதாய் ஒன்றை இடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அப்புதுக் குண்டு மற்றவற்றினும் மயிரளவு பெரிது. பாரமெல்லாம் அதன்மேலேயே விழும். முதலில் உடைவது அதுதான். உடையுமுன் கோனையும் கெடுக்கும். கப்பில் பாதியளவு கிரீஸ் அப்பி, குண்டுகளை அதில் ஒவ்வொன்றாய்ப் பதித்தால் அவை விழாமல் நிற்கும். எல்லாம் வைத்தபின் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடம் மீதம் இருக்க வேண்டும். இடமே இல்லாமல் நெருக்கி அடைத்தால் ஒன்றோடொன்று உரசும்.

பிறகு கோனை எவ்வளவு முறுக்குவது? இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஆட்டம் இருக்கக் கூடாதென்று அடித்து முறுக்கினால் குண்டு நசுங்கும். தளர்த்தி விட்டால் சக்கரம் தள்ளாடிக் குண்டு ஒவ்வொன்றும் சுத்தி போல் அடிக்கும். விரலால் திருகி, தடை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து மிகச் சிறிதே பின்வாங்கிப் பூட்டுநட்டை இறுக்குக. சக்கரத்தை வண்டியிற் பூட்டி நட்டை முறுக்கியபின் மறுபடியும் பார்க்க வேண்டும். முறுக்கும்பொழுது கோன் நகர்ந்திருக்கும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காற்றடிக்கும் வால்வு பக்கவாட்டில் இருக்குமாறு வைத்துக் கையை விடுங்கள். அச்சிறு வால்வின் எடையே சக்கரத்தைச் சுற்றி, வால்வு கீழே வந்து, சற்று ஊசலாடி நிற்குமானால் வேலை சரியாய் முடிந்தது என்று கொள்ளலாம். டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டமும் தெரியக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதுதான் கைத்திறம். எங்களுக்கே மூன்று நான்கு முறை திருத்தினால்தான் அமைகிறது.

கிராங்கின் அச்சைப் பற்றி ஒரே எச்சரிக்கை. சங்கிலிப் பக்கத்துக் கப்பின் மரை இடமுறை மரை. வழக்கம்போல் திருகினால் கழலாது, இறுகும். தெரியாமல் சுத்தியால் அடித்து மரையை அழித்த வண்டிகள் பல. இடப்பக்கத்து மிதிகட்டையும் அப்படியே. காட்டர் பின்னை அடிக்கும்போது நட்டை முழுதும் கழற்றாமல் மரையின் நுனி வரை விட்டு அடித்தால் மரை நசுங்காது. கைப்பிடியின் கீழுள்ள குண்டுகள் சுற்றுவதே இல்லை, சிறிதே அசையும். வழியிலுள்ள மேடுபள்ளமெல்லாம் ஒரே இடத்தில் இடிப்பதால் கப்பில் வரிசையாய்ப் பள்ளங்கள் விழும். நேராய்ப் பிடித்த கைப்பிடி தானே ஓரிடத்திற் சிக்கி நிற்பதுபோல் தோன்றினால் அதுவே குறி. அவ்வண்டியில் கையை விட்டு ஓட்டுவது இளைஞர்க்கு ஆகாது; மற்ற வண்டியிலும் ஆகாது என்பது வேறு.

எண்ணெய் பற்றி. தேங்காயெண்ணெய் தலைக்கு நன்று. குடத்திலிட்டால் சில மாதங்களிற் பிசினாய் இறுகிவிடும். மண்ணெண்ணெய் விட்டால் சக்கரம் அன்று வெகு வேகமாய்ச் சுற்றும். இருந்த கிரீசையெல்லாம் அது கழுவிவிட்டதே காரணம், மறுவாரம் கிறீச்சிடும். மோட்டார்ப் பட்டறையில் இலவசமாய்க் கிடைக்கும் கழிவெண்ணெயில் இரும்புப் பொடி கலந்திருக்கும். பிரீவீலுக்கு மட்டும் கிரீஸ் வேண்டா. உள்ளே உள்ள சிறு நாக்குகள் ஒட்டிக்கொண்டு மிதி வழுக்கும். அதற்கு நீர்த்த எண்ணெய் சில துளி போதும். இக்காலத்தில் வண்டிகளைப் பீச்சுக்குழாய் வைத்துக் கழுவும் கடைகள் வந்துள்ளன. அக்குழாயைக் குடத்தின் பக்கம் காட்டாதீர்கள். மழை ஓராண்டில் புகுத்தாத நீரை அது ஒரு நொடியிற் புகுத்திவிடும்.

பிள்ளைகளுக்குப் புதிதாய் வாங்கும் விலை உயர்ந்த வண்டிகளில் கோனும் கப்பும் இல்லை. இரப்பர் மூடியிட்ட முழுப் பேரிங்குகள் வருகின்றன. அவற்றைப் பிரிக்க வேண்டுவதில்லை. கெட்டால் எடுத்தெறிந்து வேறு போடுவதே. நல்லவைதாம், குறை சொல்லோம். ஆனால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகளிலும், செய்தித்தாள் போடும் சிறுவர் வண்டிகளிலும் இன்னும் பழைய கோனும் குண்டுமே உள்ளன. லூதியானாவிலிருந்து வரும் கோன்களும் கப்புகளும் இன்றும் கடைகளிற் கிடைக்கின்றன.

நாங்கள் தடுத்து நிறுத்திய மூன்று வண்டிகளுள் ஒன்று இப்போது எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறது. மற்ற இரண்டும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஆள் வேண்டி நிற்கின்றன. எடைக்குப் போடும் எண்ணத்தில் வண்டி வைத்திருப்போர், இரும்புக்காரரை அழைக்குமுன் எங்களை ஒரு முறை அழைக்க வேண்டுகிறோம். சங்கத்தார் இசைந்தால், மழை ஓய்ந்தபின் ஒரு ஞாயிறு காலை இம்மன்றத்து வாசலிலேயே தட்டும் மண்ணெண்ணெயுமாய் அமர்கிறோம். கோனும் குண்டும் அவரவர் வாங்கி வரலாம். கைவேலைக்குக் கூலி இல்லை. பிள்ளைகளும் உடன் அமர்ந்து செய்ய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

பேச்சை நிறுத்தச் சொல்லித் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். இதோ இரண்டு கோன்களை முன்வரிசைக்கு அனுப்புகிறோம். ஒன்று புதிது, மற்றது அந்த மூன்று வண்டிகளுள் ஒன்றிற் கழற்றியது. நகத்தால் தடவிப் பார்த்துப் பின்வரிசைக்குக் கொடுங்கள். குண்டுகளைக் கொண்டுவரவில்லை, சிறு குழந்தைகள் வாயிலிட்டுக்கொள்ளும் என்ற அச்சம். கோன்களை மட்டும் நாடகம் தொடங்குமுன் மேடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.